நீராவிக் கர்ப்பம்

நான் கர்ப்பமாக இருக்கிறேன் என்ற செய்தி முதலில் என் மருமகனுக்குத்தான் போனது.

அவர் லாரி ஓட்டுகிறவர். சரக்கு இறக்குகிற இடத்தில் நாலைந்து டிரைவர்களோடு நின்றிருந்தபோது அவருடைய கைபேசி மணியடித்து, திரை முழுக்கப் பூவாகக் கொட்டியதாம். பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்துவிட்டார். “வாழ்த்துகள்! உங்கள் அன்புக்குரியவர் தாயாகப் போகிறார்.” என் மகள்தான் உண்டாகியிருக்கிறாள் என்று எல்லோரும் அவர் முதுகில் தட்டி, டீ வாங்கித் தரச் சொல்லி, அவரும் சந்தோஷமாக வாங்கித் தந்து, அதற்குப் பிறகுதான் கீழே இருந்த பெயரைப் பார்த்திருக்கிறார்.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம். இதெல்லாம் ஊரைக் கூட்டிச் சொல்கிற விஷயம் இல்லைதான். ஆனால் எங்கள் கம்பெனியில் சொல்லாமல் பிழைக்க முடியாது.

நான் சட்டைக் கம்பெனியில் தேய்க்கிறவள். தலைக்கு மேலே ஸ்பிரிங்கில் தொங்குகிற இஸ்திரிப் பெட்டி, பாய்லரிலிருந்து அதற்கு வருகிற குழாய், காலால் மிதித்தால் ஆவியை உறிஞ்சிக்கொள்கிற மேசை. முதலில் காலர், பிறகு கை மடிப்பு, பிறகு பட்டன் பட்டி, கடைசியில் முதுகு. உறிஞ்சியது போக மிச்ச ஆவி எல்லாம் எங்கள் முகத்துக்கும் கைக்கும். வெளியே மழை பெய்தது என்பதே வேலை முடிந்து வாசலுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட கம்பெனிக்குத் திடீரென்று எங்கள் மேல் பாசம் வந்தது. மகளிர் நலப் பிரிவு என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதற்கு ஒரு நல அதிகாரி வந்தார். ஆண்தான். பெண்களின் உடல்நலம் பற்றி ஆறு மாதம் படித்து, வகுப்பிலேயே முதலாவதாகத் தேறியவர் என்றார்கள். அந்த வகுப்பில் பெண்கள் யாராவது இருந்தார்களா என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் கூட்டத்தில் அவர் பேசினார்.

“சகோதரிகளே! ஒரு பூவுக்குத் தான் எப்போ பூக்கும்னு தெரியுமா? தெரியாது. தோட்டக்காரனுக்குத்தான் தெரியும். இன்னையிலேர்ந்து நான்தான் உங்க தோட்டக்காரன்.”

பிறகு எல்லோர் கைபேசியிலும் ஒரு ஆப்பை ஏற்றினார்கள். மலர்வட்டம் என்று பெயர். மணிக்கட்டில் ஆளுக்கொரு ரப்பர் பட்டை கட்டினார்கள். மாதவிலக்கு வந்தால் ‘வந்தது’ என்று அழுத்த வேண்டும். முடிந்தால் ‘முடிந்தது’. உடம்புச் சூட்டைப் பட்டை பார்த்துக்கொள்ளும். எப்போது வயிறு வலிக்கும், எப்போது கோபம் வரும், எப்போது கரு தரிக்கும் என்பதை எல்லாம் எங்களுக்கு முன்னாலேயே ஆப் சொல்லிவிடும். பேட்டரி மிச்சம் பிடிப்பதற்காக வேலை நேரத்தில் மட்டும் சூடு பார்க்கும்படி பட்டையைச் செய்திருந்தார்கள். நாங்கள் வீட்டில் இருக்கும்போது எங்களுக்கு எவ்வளவு சூடு என்பதில் கம்பெனிக்கு அக்கறை இல்லை.

“அதுக்குத் தெரிஞ்சா உங்களுக்கும் தெரிஞ்சிருமா சார்?” என்று ஒரு குரல் கேட்டது. சிட்டு. என் பக்கத்து மேசைக்காரி. இருபத்திரண்டு வயது, கல்யாணமாகி ஒரு வருஷம் முடியவில்லை. ஆள் ஒரு பிடி, வாய் ஒரு முழம்.

“நல்ல கேள்வி!” என்றார் அதிகாரி. “உண்டாகிறது ஒரு பொண்ணோட சந்தோஷம். அதை அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கிறது கம்பெனியோட சந்தோஷம்.”

எங்கள் சூப்பர்வைசர் விசில் அடித்தார். எதற்கெடுத்தாலும் ஊதுவதால் எங்களுக்குள் அவர் பெயரே விசில்தான். அடித்தால் கை தட்ட வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். தட்டினோம்.

மறுநாள் சுவரில் ஒரு பெரிய திரை வந்தது. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கட்டம். மாதவிலக்கு என்றால் சிவப்பு, கரு தரிக்கிற நாள் என்றால் பச்சை, மற்ற நாள் மஞ்சள். பெயர் போடாமல் மேசை எண் மட்டும் போட்டிருந்ததால் எங்கள் அந்தரங்கம் பத்திரமாக இருப்பதாக அதிகாரி சொன்னார். மேசை எண்ணைத்தான் ஒவ்வொரு மேசையின் நெற்றியிலும் முழ நீளத்துக்கு எழுதி வைத்திருந்தார்களே! டீ கொண்டுவருகிறவர் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் டம்ளரை நீட்டுவார்.

“அக்கா இன்னைக்குச் சிவப்பு. சக்கரை கொஞ்சம் தூக்கலா போட்டிருக்கேன்.”

சிவப்புக்காரர்களுக்குப் படுத்துக்கொள்ள ஓர் ஓய்வறை திறந்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள். மூன்று கட்டில், ஒரு மின்விசிறி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கே முதலில் ஓடியவள் பேக்கிங்கில் வேலை செய்கிற பெண். விசில் அவளை வாசலிலேயே நிறுத்தித் தன் கைபேசியைத் தடவிப் பார்த்தார்.

“உனக்கு வியாழக்கிழமைதானேம்மா?”

“வந்துருச்சு சார்.”

“ஆப்புல வரலையே.”

“எனக்கு வந்துருச்சு சார்!”

“அதான் சொல்றேன், ஆப்புல வரல. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க.”

விஷயம் அதிகாரி வரைக்கும் போனது. அவர் இரக்கப்பட்டு, ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று விட்டுவிட்டார். ‘முன்கூட்டியே வந்ததற்கு வருந்துகிறேன். இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள் அந்தப் பெண். எழுதி முடிப்பதற்குள் அவளுடைய உடுப்பு நனைந்து, நாற்காலியும் நனைந்தது. நாற்காலிக்குத் தனியாக ஒரு விளக்கம் கேட்டார்கள்.

எங்கள் வரிசை மட்டும் எப்போது பார்த்தாலும் பச்சை. தேய்க்கிற பெண்கள் அத்தனை பேரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரு தரிக்கத் தயாராக நின்றோம். அதிகாரி அடிக்கடி வந்து எங்களைக் கவலையோடு பார்த்துவிட்டுப் போவார். சட்டை மூட்டை இறக்குகிற ஆண்களை எங்கள் பக்கம் வரவிடாமல் வேறு வழியாகச் சுற்றிப் போகச் சொன்னார்கள். மூட்டை வர நேரமாகி, தாமதத்துக்கு எங்களைத் திட்டினார்கள்.

சிட்டுவின் விஷயம் நடந்தது ஒரு திங்கட்கிழமை. வாசலில் அவளுடைய அட்டையைக் காட்டினால் கதவு திறக்கவில்லை. இரண்டு மூன்று தடவை தேய்த்துப் பார்த்தாள். வாட்ச்மேன் உள்ளே கேட்டுவிட்டு வந்து, ஷிப்டுக்கு நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “நீ மாசமா இருக்கியாம்மா. ஒப்பந்தம் முடிஞ்சுதாம். வீட்டுக்குப் போகச் சொன்னாங்க.”

அவள் வயிற்றில் ஒன்று இருப்பதை அவளுக்குச் சொன்னவர் வாட்ச்மேன். அவள் புருஷனுக்குச் சொல்ல வேண்டிய சேதி. அவன் காதுக்குப் போவதற்குள் சைக்கிள் ஸ்டாண்டு வரை போய்விட்டது. சிட்டு அழவில்லை. அட்டையை இன்னொரு தடவை தேய்த்துப் பார்த்தாள். உண்டானாலும் ஏழாம் மாதம் வரைக்குமாவது வேலை பார்த்து, பிரசவத்துக்கும் குடியிருக்க ஒரு தனி அறைக்கும் சேர்த்துவிட வேண்டும் என்று என்னிடம் அவ்வளவு கணக்குப் போட்டு வைத்திருந்தவள் அவள்.

நான் அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன்.

“கர்ப்பிணியை வேலையை விட்டு எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கே சார்? இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்கு நீங்களே சுவர்ல மாட்டுவீங்களே?”

“எடுக்கக் கூடாதுதான்” என்றார் அதிகாரி, மிகப் பொறுமையாக. “ஆனா பாருங்க, ஒப்பந்தத்தை சனிக்கிழமையே முடிச்சிட்டோம். அன்னைக்கு இந்தப் பொண்ணுக்கே தெரியாது. அவளுக்கே தெரியாத விஷயம் கம்பெனிக்கு எப்படித் தெரியும்? சட்டப்படி எங்களுக்கும் தெரியாது.”

“தெரியாமலா முடிச்சீங்க?”

“தெரிஞ்சதாலதான் முடிச்சோம். ஆனா தெரியாது.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. குழந்தைக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கிற முகம். அந்த முகத்தில் இஸ்திரிப் பெட்டியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. மேசைக்குத் திரும்பிக் காலரைத் தேய்த்தேன்.

அடுத்த மாதம் என் முறை. அதற்குள் வீட்டு எண்ணுக்கும் வாழ்த்து அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள்; நான் கொடுத்து வைத்திருந்தது மருமகனின் எண். மருமகனுக்கு வாழ்த்துப் போன அன்றைக்கே எனக்கும் கதவு திறக்கவில்லை. நேரே அதிகாரியிடம் போனேன்.

“எனக்கு நின்னு போச்சு சார். ரெண்டு வருஷமாச்சு.”

“நின்னதுக்குக் காரணம்தான்மா கர்ப்பம்.”

“ரெண்டு வருஷமாவா சார்?”

அவர் ஆப்பைத் திறந்து காட்டினார். வந்தது, முடிந்தது, தாமதம். மூன்றே பொத்தான். “நின்னு போச்சுன்னு இதுல பொத்தானே இல்லையேம்மா. இருக்கிற மூணுல ஒண்ணாத்தான் நீங்க இருக்க முடியும்.”

“ஏன் சார் வைக்கல?”

“ஆப்பைச் செஞ்ச மூணு பேரும் சின்னப் பசங்க. உங்க வயசுக்காரங்களுக்கு என்ன ஆகும்னு அவங்க அம்மாகிட்ட கேக்க வெக்கப்பட்டுட்டாங்க.”

“எனக்கு வீட்டுக்காரரும் இல்ல சார். போய் ஒன்பது வருஷமாச்சு.”

அவர் சட்டென்று இரண்டு கையையும் தூக்கினார். “அது உங்க சொந்த விஷயம். அதுல நாங்க தலையிட மாட்டோம். உங்க அந்தரங்கத்தை கம்பெனி மதிக்குது.”

டாக்டரம்மாவிடம் போய்ச் சோதித்து, ஒன்றும் இல்லை என்று எழுதி வாங்கி வந்து நீட்டினேன். அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “மனுஷங்க பொய் சொல்லுவாங்க. டாக்டரும் மனுஷங்கதான். பட்டை பொய் சொல்லாது. சூடு ஏறி மூணு வாரமா இறங்கல. இப்ப குழந்தை எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். போய் ஓய்வெடுங்க.”

வீட்டுக்குப் போனால் மருமகன் வந்து உட்கார்ந்திருந்தார்.

“என்ன அத்தை இது?”

“எலுமிச்சம்பழம் மாப்பிள்ளை.”

சொன்னேன், எல்லாவற்றையும். மாமியாரும் மருமகனும் பேசிக்கொள்கிற பேச்சா அது! அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார், நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். முடித்ததும் டீ போட்டுக் கொடுத்தேன். அவர் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வண்டியில இன்ஜின் சூடு காட்டுற முள்ளு இருக்கு அத்தை. அதை சைலன்சர் மேல வெச்சா, வண்டி நின்னாலும் கொதிக்குதுன்னுதான் காட்டும். அதைக் கொஞ்சம் கழட்டுங்க.”

கழற்றிக் கொடுத்தேன். சுடச்சுட இருந்த டீ டம்ளரில் அதைச் சுற்றி, என் கைபேசியைப் பக்கத்தில் வைத்தார். பகல் நேரம், பட்டை விழித்துக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் திரை பச்சையாகி, பாட்டு ஒன்று ஒலித்தது. ‘உகந்த நேரம்! உங்கள் இணையரோடு இனிமையாகக் கழியுங்கள்.’

மருமகன் டம்ளரைப் பார்த்தார். நான் மருமகனைப் பார்த்தேன். எனக்கு வாழ்க்கையில் அப்படிச் சிரிப்பு வந்ததில்லை. அவர் டீயைக் குடிக்க மறுத்துவிட்டார்.

“போய் மூஞ்சியில அடிக்கிற மாதிரி இதைக் காட்டலாம் அத்தை. ஆப்பு பொய்னு ஒத்துக்குவான்.”

“ஒத்துக்க மாட்டான் மாப்பிள்ளை. ஆப்பை மத்த கம்பெனிங்களுக்கு விக்கப் போறதா உள்ள பேச்சு. ஒத்துக்கவே மாட்டான். ஒத்துக்காததுதான் நமக்கு வேணும்.”

தொழிலாளர் துறை ஆபீஸில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா இருந்தார். என் நரைத்த தலையைப் பார்த்தார்.

“என்ன புகார்?”

“நான் உண்டாகியிருக்கேன்மா. வேலையை விட்டு எடுத்துட்டாங்க.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். “யார் சொன்னா?”

“கம்பெனிதான்மா சொல்லுது. எனக்கென்ன தெரியும்?” என்று மருமகனின் கைபேசியில் பூக் கொட்டுகிற வாழ்த்தைக் காட்டினேன். பிறகு சிட்டு வந்து உட்கார்ந்து, வாசலில் நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசியில், “உங்க ரெண்டு பேர் கதையில எது அதிகக் கொடுமைன்னு தெரியலையே” என்று மட்டும் சொன்னார்.

விசாரணைக்குக் கண்ணாடி அம்மா கம்பெனிக்கு வந்த நாளும், ஆப்பை வாங்குவதற்காக மற்ற கம்பெனிப் பெரியவர்கள் வந்த நாளும் ஒன்றாக அமைந்துவிட்டது. வாட்ச்மேன், கண்ணாடியும் கைப்பையுமாக வந்தவரை விருந்தாளி என்று நினைத்துக் கூட்ட அறைக்கே அழைத்துப் போய் உட்கார வைத்து, பிஸ்கட்டும் கொடுத்துவிட்டார். என்னையும் சிட்டுவையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்ததால் கதவோரத்தில் நின்றோம். நல அதிகாரி திரைக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவு அழகாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

“உங்க எல்லாருக்கும் ஒரே தலைவலிதான். பிரசவ விடுப்பு! ஒரு பொண்ணு வந்து ‘நான் கர்ப்பம்’னு சொன்ன பிறகு நம்மால ஒண்ணும் செய்ய முடியாது. அதனால நாங்க என்ன செஞ்சோம்? அவ சொல்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டோம். இது வரைக்கும் பதினோரு பேர். ஒரே ஒருத்திக்குக்கூட விடுப்புக் கொடுக்கல. பதினோரு பேரும் சிரிச்ச முகத்தோட வீட்டுக்குப் போனாங்க. இதுக்குப் பேர்தான் மகளிர் நலம்!”

கை தட்டினார்கள். கண்ணாடி அம்மா தட்டவில்லை. கையில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு எழுந்தார்.

“ஒரு சந்தேகம். உங்க ஆப் தப்பு பண்ணுமா?”

“ஒரு நாளும் பண்ணாது மேடம்!”

“அங்க கதவுகிட்ட நிக்கிறாங்களே, அந்தம்மா கர்ப்பமா?”

அதிகாரி என்னைப் பார்த்தார். விருந்தாளிகள் என்னைப் பார்த்தார்கள். நான் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தேன்.

“கர்ப்பம்தான்” என்றார் அதிகாரி.

“சந்தேகமே இல்லையே?”

“இல்ல மேடம். இப்போ மாம்பழம் அளவு.”

“நான் தொழிலாளர் துறை. இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்க. அந்தப் பதினோரு பேரோட விவரத்தையும் கொடுங்க.”

அதிகாரி சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். விருந்தாளிகளில் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். மற்றவர்கள் போகவில்லை. தொழிலாளர் துறைக்குத் தெரியாமல் இதைச் செய்கிற மாதிரி இன்னொரு ஆப் செய்து தர முடியுமா என்று காத்திருந்து கேட்டார்கள்.

மறுவாரம் சிட்டுவும் மற்றவர்களும் வேலைக்குத் திரும்பினார்கள். நானும்தான். அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டதால் நான் சட்டப்படி கர்ப்பிணி. பாரம் தூக்கக் கூடாது, நிற்கக் கூடாது, ஆவியில் வேகக் கூடாது. எனக்கும் சிட்டுவுக்கும் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்து பட்டன் எண்ணினோம். பத்து வருஷத்தில் அந்தக் கூடத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நான் அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு பட்டனையும் ஆசையாகப் பார்த்து எண்ணினேன்.

எங்கள் வரிசைப் பெண்கள் அந்த நாற்காலிகளைப் பார்த்தார்கள்.

“அக்கா, உங்களுக்கு எப்படி ஆச்சு?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ஆவியிலதான்டி. பட்டையைக் குழாய்ப் பக்கமா வெச்சுக்க. ‘வந்தது’ன்னு மட்டும் அழுத்தாத.”

மாதம் திரும்பியது. எங்கள் வரிசை முழுவதும் உண்டானது. புருஷன் இல்லாதவள், கல்யாணமே ஆகாதவள், மூன்றோடு போதும் என்று ஆபரேஷன் செய்துகொண்டவள், ஒருத்தி பாக்கி இல்லை. வீடுகளுக்குப் பூக் கொட்டியது. நாங்கள் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் வீடுகளில் சிரித்தார்கள். கூடத்தில் வரிசையாக நாற்காலி வந்தது. தொழிலாளர் துறை அம்மா ஒரு நாள் வந்து எங்களை எல்லாம் பார்த்துவிட்டு, “ஆப்தான் தப்பே பண்ணாதே” என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டுப் போனார். தேய்க்காத சட்டைகள் மலையாகக் குவிந்தன. தேய்க்கிற மேசைக்குச் சூப்பர்வைசர் விசிலையே நிற்க வைத்தார்கள். இரண்டு காலரைக் கருக்கி, மூன்றாவதில் தன் கையைச் சுட்டுக்கொண்டு ஓய்வறைக்குப் போனார். அவருக்கு விளக்கம் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் சரக்கு போகவில்லை. அன்றைக்கு முதலாளியின் அறையிலிருந்து வெளியே வந்த நல அதிகாரிக்கு முகம் ஒரு சாண் சுருங்கியிருந்தது. நேரே என் நாற்காலிக்கு வந்து குனிந்தார்.

“அம்மா, நீங்க கர்ப்பம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. மத்தவங்களும் கேட்டுக்குவாங்க.”

“நான் சொன்னா ஆகுமா சார்? மனுஷங்க பொய் சொல்லுவாங்களே.”

“என்னம்மா செய்யச் சொல்றீங்க?”

“பட்டையை அவுத்துக்குங்க, திரையை எடுத்துருங்க. யாரையும் இனி வயித்தைப் பார்த்து எடுக்க மாட்டோம்னு அந்தத் தொழிலாளர் துறை அம்மாகிட்ட எழுதிக் கொடுங்க. அதுக்கு அப்புறம் எங்க முன்னாடி நின்னு, உங்க வாயால சொல்லுங்க.”

மூன்று நாளில் முதல் மூன்றும் நடந்தது. நான்காவது, ஒரு மத்தியானம். அவர் தேய்ப்பு மேசை மேல் ஏறி நின்றார். பாய்லர் இரைந்துகொண்டிருந்தது.

“சகோதரிகளே! தொழில்நுட்ப ரீதியாகச் சில துல்லியக் குறைபாடுகள்...”

“கேக்கல சார்!” என்றோம்.

“ஆப்பில் சின்னத் தவறு...”

“பாய்லர் சத்தம் சார். கேக்கல!”

“ஆப் தப்பு!”

“எது சார்?”

ஆவியில் அவருடைய சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. நல்ல சட்டை. யாரோ அக்கறையாகத் தேய்த்துக் கொடுத்தது. அவர் கழுத்து நரம்பு புடைக்க மூச்சை இழுத்துக்கொண்டார். அதே நேரம் பார்த்து, சாப்பாட்டு வேளைக்காக பாய்லர்க்காரர் பாய்லரை நிறுத்தினார். திடீரென்று விழுந்த அந்த அமைதியில் அதிகாரியின் கத்தல் தையல் பகுதி, பேக்கிங், வாசல், சைக்கிள் ஸ்டாண்டு என்று கம்பெனி முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

“எனக்கு ஒண்ணுமே தெரியாது! நான் சொன்னதெல்லாம் பொய்!”

கூடமே சிரித்தது. விசில் அடிக்காமலேயே கை தட்டினார்கள். வயிறு தள்ளி உட்கார்ந்திருந்த சிட்டு, இரண்டு கையாலும் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு, கண்ணில் நீர் வழியக் கத்தினாள்:

“போதும் சார், இறங்குங்க! சிரிக்க முடியல. என்னோடது நிஜம்!”

அவளுக்குப் போதும். எனக்குப் போதவில்லை.

“இன்னொரு தடவை சொல்லுங்க சார்” என்றேன்.